மலை மடத்தில் ஒரு மத்தியானம்

1

போன திங்கட்கிழமை பிரசவ வார்டின் சாவிக்கொத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். கருநீலச் சீருடை, இடுப்பில் வெள்ளிக் கொக்கி வைத்த பெல்ட், ‘சிஸ்டர்’ என்ற பட்டம். வட இங்கிலாந்தில், நூற்பாலைப் புகைபோக்கிகளுக்கு நடுவே இருக்கிறது இந்த ஆஸ்பத்திரி. இந்த வார்டுக்குப் பொறுப்பேற்கும் முதல் இந்தியப் பெண் நான்தானாம். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பத்துத் தெய்வானைக்கு இது சின்ன விஷயமில்லை. அடக்கமாக இருப்பதுபோல் பாசாங்கு செய்யவும் எனக்கு இஷ்டமில்லை.

நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் சான்றிதழ்களைப் புரட்டினார்கள், வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். கடைசியில், அதுவரை வாயே திறக்காத ஒரு வயதான டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கூப்பிடு தூரத்தில் டாக்டர் இல்லாமல், கையில் கருவி எதுவும் இல்லாமல், நான் ஒருத்தியாக முடிவெடுக்க வேண்டி வந்தது உண்டா?

உண்டு என்றேன். சொன்னேன். சொல்லி முடிக்க நேரமானது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடித்ததும், எப்போது வேலையை ஏற்றுக்கொள்ள முடியும் என்று மட்டும் கேட்டார்கள்.

ஆனால் அன்று நான் சொன்னது இங்கிலீஷில். அதில் பாதி ருசி போய்விட்டது. ‘சோலி’ என்ற ஒரு சொல்லுக்கே அங்கே நான் திண்டாடினேன். முழுக்கதையையும் ஊர்க்காரர்களுக்கு ஊர்ப் பாஷையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

2

ஐம்பதுகளின் நடுவில் நான் கப்பலேறினேன். சென்னையில் நர்ஸ் படிப்பை முடித்துக் கொஞ்ச காலம் வேலையும் பார்த்திருந்தேன். இங்கே வந்ததும், அந்தச் சான்றிதழ் நல்ல சான்றிதழ்தான், ஆனால் இங்கே செல்லாது என்று ஓர் அலுவலகத்தில் மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். சென்னையில் மற்றவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தவள், இங்கே மறுபடி மாணவியாகி மலச்சட்டி கழுவினேன்.

பெயரைப் பதிவதற்கே பெரும் பாடு. குடும்பப் பெயர் என்ன என்றார் குமாஸ்தா. எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, முன்னால் ஓர் எழுத்து உண்டு, அது அப்பாவின் பெயர் என்றேன். அவருக்குச் சந்தோஷம். அப்பாவின் பெயரை முழுசாக எழுதி வாங்கிக்கொண்டு, அதுதான் நான் என்று முடிவு செய்துவிட்டார். அன்று முதல் எனக்குக் கல்யாணம் ஆகும்வரை நான் ‘நர்ஸ் பழனியப்பன்’. செத்துப்போன என் அப்பாவை இங்கிலீஷ்காரக் கர்ப்பிணிகள் வலியெடுத்தபோதெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாஷையும் அப்படித்தான் காலை வாரியது. முதல் மாதத்தில் ஒரு கிழவி, தனக்கு ஒரு பென்னி செலவு செய்ய வேண்டும், அவசரம் என்றாள். கடை மூடிவிட்டது பாட்டி, காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனேன். படுக்கை நனைந்த பிறகுதான் அந்தப் பென்னிக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது. வார்டே ஒரு வாரம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பக்கத்து அறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

இதற்கெல்லாம் ஏன் வந்தாய் என்று கேட்பீர்கள். என் பெரியக்காவால் வந்தேன். அக்காவுக்குத் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். எனக்குப் பன்னிரண்டு வயது. என்னை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “காலு வந்துருச்சு, காலு வந்துருச்சு” என்று யாரோ சொன்னது மட்டும் சுவர் தாண்டிக் கேட்டது. பிள்ளை கால் முன்னால் வந்தது. இழுத்தார்கள். மறுநாள் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போது வாலிபனாக இருந்த என் அண்ணன் தண்டபாணி அந்த அறைக்கு வெளியே விடிய விடிய நின்றிருந்தவர். அதைப் பற்றி நானும் அண்ணனும் ஒரு நாளும் பேசியதில்லை.

பிரசவம் பார்க்கப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எங்கள் ஊரில் அது ஒரு குறிப்பிட்ட தெருப் பெண்களின் வேலை. அவர்கள் கைபடாமல் எந்த வீட்டிலும் பிள்ளை பிறந்ததில்லை. அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து யாரும் காபி கொடுத்ததுமில்லை. மருத்துவச்சி என்ற சொல்லையே கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் சொல்வார்கள். அப்போது அப்பா உயிரோடு இருந்தார். அவர் சம்மதித்ததால் போனேன். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். கடைக்கு வருகிறவர்களிடம், தங்கச்சி சீமையில் டீச்சராக இருக்கிறாள் என்று சொல்லிவைத்தார்.

3

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடையில்தான் முதன்முறையாக விடுமுறைக்கு ஊர் போக முடிந்தது. கணவருக்கு ஆலையில் லீவு கிடைக்கவில்லை. ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வள்ளி என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அது வேலரி ஆகி, நாங்கள் தட்டிக்கேட்பதற்குள் நிலைத்தும்விட்டது. நான் தமிழில் கேட்டால் அவளுக்குப் புரியும். பதில் இங்கிலீஷில்தான் வரும். மூன்று வயதில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு “அம்மா, தூக்கு” என்ற பிள்ளை எந்த நாளில் தமிழை நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்படி ஒரு நாள் இல்லை. தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

என் தமிழும் ஒழுங்காக இல்லை. போன அன்று மதினி தண்ணீர் கொடுத்தபோது என்னையறியாமல் ‘தேங்க்ஸ்’ சொல்லிவிட்டேன். மதினி, அண்ணனின் மனைவி செல்லம்மா, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தான் என்ன தப்புச் செய்தோம் என்று அன்று மத்தியானம் அண்ணனிடம் கேட்டாளாம்.

கொடைக்கானல் போக வேண்டும் என்று நான் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. இங்கிலாந்தில் முதல் வருஷங்களில் நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா மிஸஸ் கார்ட்டர் பிறப்பால் பிரெஞ்சுக்காரி. முதல் யுத்தத்தில் ஓர் இங்கிலீஷ் சிப்பாயைக் கட்டிக்கொண்டு வந்தவர். அவருடைய தம்பி வாலிப வயதில் துறவியாகி, நம் பழனி மலைத்தொடரில் ஒரு பழைய மடத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் ஊர் போவது தெரிந்ததும் மிஸஸ் கார்ட்டர் ஒரு கம்பளிக் கழுத்துத்துணி பின்னிக் கொடுத்தார். அவனைப் பார்த்தால், அக்கா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள் என்று மறக்காமல் சொல் என்றார்.

மடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கொடைக்கானல் ஏரியையும் பார்த்து வரலாம் என்றதும் அண்ணனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. சீமையிலிருந்து வந்த தங்கச்சியை பஸ்ஸில் ஏற்றுவதா? ஒரு பிளஷர் கார் பேசினார். வெள்ளனே புறப்பட்டோம். திண்டுக்கல் சுற்றி, வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டு மலை ஏறினோம். ஏறும்போது டிரைவர், அம்மா அங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், டீச்சர் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் மதினி “முருகா” என்று சொல்லி என் கையைப் பிடித்தாள். பாதி மலையில் குளிர்காற்று உள்ளே புகுந்ததும் அவள் கையை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

4

பெருமாள்மலையில் காபி குடித்துவிட்டு வழி கேட்டோம். சாமியார் மடமா, அந்தா அந்த யூகலிப்டஸ் காட்டுக்குப் பின்னாலே என்று கை காட்டினார்கள். கருங்கல் கட்டடம், சிவப்பு ஓடு, மணிக்கூண்டு. எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்பே கட்டியது என்றார்கள். வாசல் வளைவைத் தாண்டியதும் விருந்தாளிகளுக்கு ஒரு சின்ன அறை உண்டு. பெண்கள் அதுவரைதான் வரலாம். உள்கதவு மடத்துத் துறவிகளுக்கு மட்டும். அதைக் காவல்காத்த சகோதரர் ஒருவர் எங்களை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார்.

வந்தவர் ஒல்லியான, நெட்டையான கிழவர். வெள்ளைத் தாடி. எதியேன் என்று மிஸஸ் கார்ட்டர் சொன்ன பெயர் இங்கே முடியப்பர் சாமி ஆகியிருந்தது. நான் எழுந்து, ஆஸ்பத்திரியில் பழகிய இங்கிலீஷில் மரியாதையாக வணக்கம் சொன்னேன். அவர் கையை ஆட்டினார்.

“எனக்கு இங்கிலீசு வராதும்மா. பிரெஞ்சும் இப்ப ஜெபத்துக்கு மட்டுந்தான். தமிழ்ல பேசுங்க.”

வள்ளியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாத ஒரு வெள்ளைக்காரரை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவர் அவளிடம் ஏதோ கேட்டார், அவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள், அவர் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் மகளுக்கும் ஒரு பிரெஞ்சுக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பளியைக் கொடுத்தேன். அக்காவின் கோபத்தையும் சொன்னேன். அவர் துணியை மடியில் வைத்துத் தடவினார். “இருக்கட்டும். கோவம் இருக்குற மட்டும் தம்பி இருக்கான்னுதானே அர்த்தம்,” என்றார்.

சொந்த ஊர் ஞாபகம் வராதா சாமி என்று கேட்டேன். எனக்காகத்தான் கேட்டேன்; பத்து வருஷமாக நான் யாரிடமாவது கேட்க நினைத்த கேள்வி அது. அவர் உடனே பதில் சொன்னார்.

“வரும்மா. வந்தா உக்காரச் சொல்லுவேன். கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருப்போம். அப்புறம் எனக்குத் தோட்டத்துல சோலி கெடக்கும். நான் எந்திரிப்பேன், அதுவும் எந்திரிச்சுப் போயிரும்.”

நாற்பது வருஷ அந்நியர் ஒருவர் எங்கள் ஊர்ச் சொல்லை இவ்வளவு இயல்பாகச் சொன்னதும், ‘சோலி’ என்று நானும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வேறு ஏதோ கேட்க இருந்தேன். அப்போது மழை பிடித்தது. கோடை மழை, மலையில் அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. மழைச் சத்தத்தோடு ஒரு பெண்ணின் அலறலும் வந்தது.

5

நாலு ஆட்கள் ஒரு டோலியைச் சுமந்து ஓடிவந்து வாசல் வளைவுக்குள் இறக்கினார்கள். கீழே ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் வருகிறார்கள். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியில் மழை மறித்துவிட்டது. டோலிக்குள் கம்பளிக்கு அடியில் இருபது வயதுப் பெண். ராக்கம்மா என்று கூப்பிட்டார்கள். சுமந்து வந்த நாலு பேரில் ஒருவன் புருஷன். கூட வந்த மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“காலு வந்துருச்சு. காலு வந்துருச்சு.”

நான் எழுந்துவிட்டேன். அண்ணன் என் கையைப் பிடித்தார். “தெய்வான, நமக்கெதுக்கு இந்தச் சோலி? கார் இருக்குல்ல, ஏத்தி அனுப்பிருவோம்.” ஆனால் பாதிப் பேச்சிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. மாமியாரின் சொல் அப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. என் கையை விட்டுவிட்டார்.

டோலி அருகே முட்டிபோட்டுக் கம்பளியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு காலும் முழங்கால்வரை வெளியே. இந்த நிலையில் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் காரில் ஏற்றினால் பாதிவழியில் பிள்ளை போய்விடும். தாயும் போகலாம். ஈரக் கல்தரையில், காற்றடிக்கும் வளைவுக்குள்ளும் முடியாது. வெந்நீர் வேண்டும், அடுப்பு வேண்டும், இடுப்புயர மேசை ஒன்று வேண்டும். இவளை உள்ளே தூக்குங்கள் என்றேன்.

காவல் சகோதரர் கதவின் முன்னால் கைகளை விரித்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. பாவம், அவர் கண்ணிலும் நீர்தான். பெண்கள் உள்ளே வரக் கூடாது, மடம் கட்டிய நாளிலிருந்து வந்ததில்லை, என்னால் எப்படி விட முடியும் என்றார். இந்தப் பக்கம் மாமியாரும் என்னைத் தடுத்தாள். பட்டுச்சேலையும் கைக்கடிகாரமுமாக யார் நீ, எட்டிப் போ என்று என் தோளைத் தள்ளினாள்.

அப்போது எனக்குப் பின்னால் அண்ணனின் குரல் எழுந்தது. கடைவீதியில் கூட்டத்தை விலக்கும் குரல் அது.

“எந் தங்கச்சி மருத்துவச்சி. சீமையில பிரசவம் பாக்குறவ. எத்தனையோ உசுர கையில வாங்கியிருக்கா. எல்லாரும் வழி விடுங்க.”

என் முப்பத்தைந்து வயதுவரை அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மாமியார் விலகினாள். டிரைவர் அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காவல் சகோதரர் மட்டும் நகரவில்லை. சத்தம் கேட்டு மடத்துத் தலைவர் உள்கதவருகே வந்து நின்றிருந்தார். முடியப்பர் சாமி அவரிடம் தமிழிலேயே பேசினார். எங்கள் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

“சாமி, மாதாவுக்குச் சத்திரத்துல எடமில்லேன்னாங்க. தொழுவத்துல பெத்தா. அந்தக் கதையத்தானே வருசா வருசம் சொல்லிக்கிட்டிருக்கோம்? இன்னைக்கு நாமளும் எடமில்லேன்னு சொல்றதா?”

தலைவர் முன்னால் வந்தார். காவல் சகோதரரின் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு, இரண்டு கதவையும் தன் கையாலேயே அகலமாகத் திறந்தார்.

மடத்துச் சாப்பாட்டறை. நீள மேசையில் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டுகள் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அள்ளி ஒதுக்கினோம். அடுக்களையிலிருந்து வெந்நீர், கொதிக்கவைத்த கத்தரிக்கோல், நூல், வெளுத்த துணி எல்லாம் வந்தன. துறவிகள் கோயிலுக்குள் போய்விட்டார்கள். அவர்கள் ஜெபம் சுவர் வழியாக முணுமுணுவென்று வந்துகொண்டிருந்தது. மதினியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே மேசைமேல் ஏறி, ராக்கம்மாவின் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கால் முன்னால் வரும் பிள்ளையை இழுக்கக் கூடாது. இழுத்தால் கை இரண்டும் தலைக்கு மேலே போய்ச் சிக்கிக்கொள்ளும். என் அக்காவுக்கு அதுதான் நடந்திருக்கிறது. படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இப்போது மாமியார் என் பக்கத்தில் நின்றுகொண்டு, இழு, வெரசா இழு என்று கத்தினாள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“இழுக்க மாட்டேன் ஆத்தா. அது தானா வரட்டும். நீங்க உங்க மருமகளோட கையப் பிடிங்க.”

சும்மா நிற்பதுதான் அந்த வேலையில் மிகக் கஷ்டம். அடுத்த வலியில் தொடை வந்தது. அதற்கடுத்ததில் இடுப்பு, தொப்புள். கொடியைத் தொட்டுப் பார்த்தேன், துடிப்பு இருந்தது. சூடான துணியால் பிள்ளையின் உடம்பைச் சுற்றினேன். தோள் தெரிந்தது. ஒரு கை வந்துவிட்டது. இன்னொரு கை வரவில்லை. தலைக்கு மேலே போயிருந்தது. பிறகு என் கைகளுக்குத் தெரிந்ததை அவை செய்தன. பிள்ளையின் இடுப்பைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, முழங்கையை என் விரலால் தேடி, முகத்தின் குறுக்கே வழித்து இறக்கினேன். கை வந்தது.

இனித் தலை. பிள்ளையை அதன் கனத்திலேயே தொங்கவிட்டேன். மதினி கண்ணை மூடிக்கொண்டாள். பிடரி மயிர் தெரிந்ததும் இரண்டு பாதத்தையும் பிடித்து, வில்லாக வளைத்து மேலே தூக்கினேன். வாய் வந்தது, மூக்கு வந்தது. ராக்கம்மாவிடம், முக்க வேண்டாம், ஊது ஊது என்றேன். மதினியும் கூடச் சேர்ந்து ஊதினாள். தலை அவசரமில்லாமல் வழுக்கி வந்தது.

பெண் பிள்ளை. நீலம் பாரித்து, துணிபோலக் கிடந்தது. அழவில்லை.

விரலில் துணியைச் சுற்றி அதன் வாயைத் துடைத்தேன். கோழையை என் வாயாலேயே உறிஞ்சித் துப்பினேன். முதுகைத் தேய்த்தேன். பிறகு அதன் மூக்கோடும் வாயோடும் என் வாயை வைத்து, கன்னத்துக் காற்றை மட்டும் பூப்போல ஊதினேன். மறுபடி ஊதினேன். இன்னொரு முறை ஊதினேன். பிள்ளை ஒரு தடவை விக்கியது. இருமியது. பிறகு வாயைப் பிளந்து அலறிய அலறலில் கோயிலுக்குள் ஜெபம் நின்றுபோனது.

நான் வேலை முடிந்த பிறகு அழுகிறவள். நஞ்சுக்கொடி விழுந்து, இரத்தம் நின்று, கர்ப்பப்பை கல்லாகச் சுருங்கியதைக் கையால் உறுதிசெய்துகொள்ளும்வரை அழவில்லை. அடுக்களைச் சகோதரர் தன் மேல் கம்பளியைக் கழற்றிக் கொடுத்தார். அதில் சுற்றிப் பிள்ளையை ராக்கம்மாவின் மார்பில் வைத்தேன். மாமியார் என் கன்னங்களை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். எட்டிப் போ என்று தள்ளிய அதே கைகள்.

வெளியே வந்தேன். அண்ணன் கடைசிப் படியில் மழையிலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் அழுகை அவருக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவர் பிள்ளையைக் கேட்கவில்லை.

“தாயி இருக்காளா?”

“இருக்கா அண்ணே. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

அவர் தலையை அண்ணாந்து முகத்தை மழைக்குக் கொடுத்தார். எங்கள் பெரியக்காவைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்குமேல் பேச வேண்டியிருக்கவில்லை.

வள்ளியைத் தேடினேன். விருந்தாளி அறையில் முடியப்பர் சாமியோடு உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அலறல் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தபோது பிள்ளை வெளுத்துப்போய்விட்டாள் என்றார் சாமி. தெரிந்த இங்கிலீஷையெல்லாம் அவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் புரியவில்லை என்று தலையாட்டினாராம். கடைசியில், “அந்த அம்மா செத்துருவாங்களா?” என்று தமிழில் கேட்டாளாம். உங்கம்மா உள்ளே இருக்கிறாள், விடமாட்டாள் என்று அவர் சொன்னாராம். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை என்று சிரித்தார். தப்பும் தவறுமாக, பள்ளிக்கூடம், பனி, பூனை என்று எல்லாவற்றையும் பற்றிச் சொல்லித் தீர்த்திருக்கிறாள்.

6

மழை விட்டதும் எங்கள் கார் தாயையும் பிள்ளையையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனது. டிரைவர் முட்டையை ஏற்றிக்கொண்டு போகிறவர்போல ஓட்டினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அது திரும்பி வரும்வரை மடத்தில் எங்களுக்குச் சோறு போட்டார்கள். அந்த மேசையிலேயே, கழுவித் துடைத்து. மதினியும் நானும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். தலைவர் கையால் மோர் ஊற்றினார்.

இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்றார் அண்ணன். நான் கேட்கவில்லை. அன்று என்னிடம் யாரும் எதையும் மறுத்திருக்க முடியாது. கொடைக்கானலுக்குப் போனோம். முதலில் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தோம். ராக்கம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்; பிள்ளை நல்ல சிவப்பாகியிருந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா என்னிடம் எப்படிச் செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு ஏரி. மழைக்குப் பிறகு மேகம் தண்ணீர்வரை இறங்கியிருந்தது. படகுத்துறையில் ஓட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இங்கிலாந்தில் எங்கள் ஊர்ப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரும் நானும் படகு தள்ளிப் பழகியிருந்தோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பைப் பிடித்தேன். அண்ணன் எதிரே இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதினி தண்ணீருக்குள் கைவிட்டு அளைந்தாள். வள்ளி மாமாவைப் பார்த்து, “பயமா இருக்கா?” என்று தமிழில் கேட்டாள். கரையிலிருந்த சில வெள்ளைக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பலமாக ஒருநாளும் நான் உணர்ந்ததில்லை, போன திங்கட்கிழமையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேரிக்காயும் பிளம்ஸும் வாங்கிக்கொண்டு இறங்கினோம். பெருமாள்மலையில் காபி குடிக்க நிறுத்தியபோது, யாரும் கேட்காமலே அண்ணன் கடைக்காரரிடம் கதையைச் சொன்னார். நடந்ததை நடந்தபடி, சரியாகத்தான் சொன்னார். வத்தலக்குண்டு சாப்பாட்டுக் கடையில் சொன்னபோது மழை புயலாகியிருந்தது. திண்டுக்கல்லில் பெட்ரோல் போட்ட இடத்தில், கொடைக்கானலின் பெரிய டாக்டர்கள் கைவிட்ட கேஸ் என்றார். டிரைவரும் ஆமாம் ஆமாம் என்று கூடச் சேர்ந்துகொண்டார். ஒவ்வோர் இடத்திலும், மருத்துவச்சி என்ற சொல்லை மட்டும் அவர் மாற்றவே இல்லை. அதைச் சொல்லும்போது என் பக்கம் கையை நீட்டிக் காட்டினார்.

பழனி வந்து சேர்ந்தபோது மலைக்கோயிலில் விளக்குப் போட்டிருந்தார்கள். எங்களை இன்னும் காணோமே என்று கடைவாசலில் அக்கம்பக்கத்து வியாபாரிகள் காத்திருந்தார்கள். கார் நிற்பதற்குள் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஆரம்பித்துவிட்டார். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. நான் பேரிக்காய்க் கூடையோடு இறங்கிய நேரம், ராக்கம்மாவுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்துகொண்டிருந்தது.

மதினி என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைத் திருத்தப் போகவில்லை. ரெண்டாவது என்ன பிள்ளை அண்ணே என்று மட்டும் கேட்டேன்.

“அதுவும் பொம்பளப் புள்ளதான்,” என்றார் அண்ணன், கொஞ்சமும் யோசிக்காமல்.